ரயில்வே சிறுபாலம் அடைபட்டு வயல் மூழ்குகிறது: யாரைக் கேட்பது?

கேள்வி: ரயில் பாதையை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. இரட்டைப் பாதை வேலை முடிந்ததிலிருந்து, கரைக்கு அடியில் உள்ள சிறுபாலத்தின் கண் முக்கால்வாசி மண்ணும் ஜல்லியுமாக மூடிக் கிடக்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் நெல் அழுகிவிட்டது. ரயில்வேக்காரர்கள் நீர்வளத் துறையைக் கைகாட்டுகிறார்கள். அங்கே போனால் ரயில்வேயிடம் போகச் சொல்கிறார்கள். புதிய பாலம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: புதிய பாலம் கேட்காதீர்கள். கேட்டால் செலவு உங்கள் தலையில் விழும்.

1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம், பிரிவு 16-ன்படி, பாதை வருவதற்கு முன் ஓடியதுபோலவே கூடுமானவரை தண்ணீர் தடையின்றி ஓட பாலம், வடிகால் அமைப்பதும் அவற்றைப் பராமரிப்பதும் ரயில்வேயின் கடமை. ஆனால் பாதையில் போக்குவரத்து தொடங்கி 10 ஆண்டுகள் கடந்தால் கூடுதல் வேலைகளுக்குப் பொறுப்பில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதற்குமேல் கேட்டால், பிரிவு 17-ன்படி கேட்பவர்தான் பணம் கட்ட வேண்டும். ரயில்வே வக்கீல் முதலில் எடுப்பது இந்த 10 ஆண்டுக் கணக்கைத்தான். ஆகவே மனுவில் ‘இருக்கும் பாலத்தைத் தூர்வாரிப் பராமரிக்கவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள்.

அடைப்பு எந்த இடத்தில் என்பதையும் உறுதிசெய்யுங்கள். ரயில்வே எல்லைக்கல்லுக்கு வெளியே ஓடை தூர்ந்திருந்தால் அவர்கள் கைவிரிப்பதில் நியாயம் உண்டு. புலப்படத்தை (நில அளவை வரைபடம்) வைத்துக்கொண்டு கோட்டாட்சியரிடம் கூட்டு ஆய்வு கேளுங்கள். இரு துறையும் ஒரே இடத்தில் நின்றால்தான் இந்தப் பந்தாட்டம் ஓயும்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் எண் எழுதியிருக்கும். அதையும் பக்கத்து மின்கம்பத்திலுள்ள கிலோமீட்டர் எண்ணையும் குறித்துக்கொண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அந்தப் பாலத்தின் ஆய்வுப் பதிவேட்டு நகலைக் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. எண் இல்லாத மனுவுக்கு ‘விவரம் போதாது’ என்றுதான் பதில் வரும்.

அடுத்தது, உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-ன்படி நோட்டீஸ். ஸ்டேஷன் மாஸ்டருக்கோ கோட்ட மேலாளருக்கோ அனுப்பினால் செல்லாது; அந்த மண்டல ரயில்வேயின் பொது மேலாளருக்குப் போக வேண்டும். இரண்டு மாதம் கழித்து, இந்திய ஒன்றியத்தைப் பிரதிவாதியாக்கி வழக்கு. அடுத்த பருவமழை நெருங்கிவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் ஒரு வழி. ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்குச் சிலர் போய் அலைகிறார்கள். அது பயணிகள், சரக்கு தொடர்பான இழப்பீடுகளுக்கானது.

நீங்களே மண்வெட்டியோடு இறங்க வேண்டாம். ரயில்வே சட்டம் பிரிவு 147-ன்படி அத்துமீறலுக்கு 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம்.

அழுகிய பயிருக்கு இழப்பீடு கேட்க அடங்கல் (கிராமப் பயிர்ப் பதிவேடு) நகல், வேளாண் அலுவலரின் சேத அறிக்கை, தண்ணீர் நிற்கும்போது பால எண் தெரிய எடுத்த படம் ஆகியவை வேண்டும். காலவரையறைச் சட்டத்தின் 72-வது இனத்தைக் காட்டி ஒரே ஆண்டுதான் கெடு என்று வாதிடுவார்கள். நோட்டீஸ் காலம் அந்தக் கணக்கில் சேராது என்றாலும், பயிர் மூழ்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.