90 டொலர் அறை 140 டொலர் ஆகும் கணக்கு

கேள்வி: நான் மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கும் ஆசிரியை. கணவரும் அரசாங்க உத்தியோகம். 14, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். சீட்டு முடிந்து வந்த காசு 6 இலட்சம் கையில் இருக்கிறது. அவசரத்துக்கென்று 4 இலட்சம் வங்கியில் வேறாகக் கிடக்கிறது, கடன் எதுவும் இல்லை. ஓகஸ்ட் விடுமுறைக்கு ஏதாவது ஒரு வெளிநாட்டுத் தீவுக்குப் போய் நாலு இரவு தங்க ஆசை. மாலைதீவா, புக்கெட்டா, பாலியா என்று வீட்டில் ஒரே இழுபறி. காசு குறைந்தால் என் காப்பை அடகு வைக்கலாம் என்கிறார் கணவர். அம்மாவோ, "வாசலில் கடல் கிடக்க, கடல் பார்க்கப் பிளேன் ஏறுவதா?" என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், முதலில் காப்பைக் கையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வருத்தம் என்றாலோ வீட்டுக் கூரை பறந்தது என்றாலோ அடகுக் கடைப் பக்கம் போகலாம். நாலு நாள் கடலில் குளித்துவிட்டு வந்து ஒரு வருடம் வட்டி கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவசரக் காசையும் தொடவேண்டாம். ஆக, கையில் இருப்பது 6 இலட்சம். அதை வைத்துப் பேசுவோம்.

மூன்று இடங்களில் பாலியை முதலில் கழித்துவிடலாம். கோயில், வயல், மலை பார்க்கப் போவதற்கு நல்ல இடம்தான். ஆனால் கண்ணாடி போன்ற தண்ணீரில் மீன் பார்க்கும் ஆசைக்குப் பாலியின் பிரபலமான கரைகள் சரிவராது. அங்கே அலைதான் விசேஷம். அலை பார்க்க அறுகம்பே போதும். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறிப் போவதென்றால் நாலு பேருக்கு டிக்கெட்டே பாதிக் காசைத் தின்றுவிடும். போதாததற்கு, 2024 பெப்ரவரியில் இருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் தலைக்கு 1,50,000 ருபியா வரி வேறு வாங்குகிறார்கள்.

புக்கெட்டில் சாப்பாடும் அறையும் மாலைதீவை விட மலிவு, இரவுச் சந்தை, படகுச் சவாரி என்று பெரிய பிள்ளைக்கும் பொழுது போகும். ஆனால் பெரும்பாலும் பேங்கொக் போய் அங்கிருந்து இன்னொரு விமானம் ஏறவேண்டி வரும். நாலு இரவுப் பயணத்தில் போகவர இரண்டு நாள் விமான நிலையங்களிலேயே கழியும். ஒரு வாரம் லீவு கிடைத்தால் புக்கெட்டை யோசிக்கலாம். நாலு இரவு என்றால் கொழும்பில் இருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய் இறங்கும் மாலைதீவுதான் என் தெரிவு. விசாவும் அங்கே இறங்கியதும் இலவசம், 30 நாள்.

சரி, மாலைதீவு. ஆனால் முகநூலில் வருகிற, தண்ணீருக்கு மேல் மரவீடு கட்டிய ரிசோர்ட் படங்களை மறந்துவிடுங்கள். அங்கே அறை வாடகைக்கு மேலே கடல் விமானத்துக்குத் தலைக்குப் பல நூறு டொலர் போகும். அந்த விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். பின்னேரம் இறங்கினால் மாலேயில் ஒரு இரவு தங்கக் காசு வேறு. உங்களுக்கு ஏற்றது ஊர் மக்கள் வாழும் தீவுகளில் உள்ள கெஸ்ட் ஹவுஸ். மாபுஷி, துலுஸ்தூ போன்ற தீவுகள் மாலேயில் இருந்து ஸ்பீட் போட்டில் போகிற தூரம்தான். மீனும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலுமாக, சாப்பாடு நம் வாய்க்கு அந்நியமாக இராது.

இங்கேதான் கணக்கு வழுக்கும். நானே ஒருமுறை வழுக்கி விழுந்தவன். சில வருடங்களுக்கு முன் ஒரு பயண முகவர் சொன்ன அறை வாடகையை நம்பிக் குடும்பத்தோடு போனேன். புறப்படும் நாள் பில்லைக் கையில் தந்தபோது, மனைவி என் முகத்தைப் பார்த்தே தொகையைக் கண்டுபிடித்துவிட்டார். வரி, சேவைக் கட்டணம், படகுக் காசு எதுவும் முகவர் சொன்ன தொகையில் இல்லை.

ஆகவே இப்படிப் பாருங்கள். நாலு பேருக்கு ஒரு குடும்ப அறை, ஓர் இரவுக்கு 90 டொலர் என்று வைத்துக்கொள்வோம். நாலு இரவுக்கு 360. அதன்மேல் 10 வீதம் சேவைக் கட்டணம் போட்டால் 396. அந்த 396க்கு மேல்தான் சுற்றுலா ஜிஎஸ்டி என்ற வரி, 2025 ஜூலையில் இருந்து 17 வீதம். இப்போது 463. அப்புறம் பசுமை வரி. 2025 ஜனவரியில் அதை இரட்டிப்பாக்கினார்கள். சிறிய கெஸ்ட் ஹவுஸில் தலைக்கு, இரவுக்கு 6 டொலர், ரிசோர்ட்டில் 12. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் விலக்கு, உங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. நாலு பேர், நாலு இரவு, 96 டொலர். மொத்தம் 559. விளம்பரத்தில் 90 டொலராக இருந்த அறை உண்மையில் கிட்டத்தட்ட 140 டொலர்.

டொலர் 300 ரூபாய் என்று சுலபத்துக்காக எடுத்தால், அறை 1 இலட்சத்து 68 ஆயிரம். விமான டிக்கெட் தலைக்கு 75 ஆயிரம் என்றால் 3 இலட்சம். மாலைதீவு தன் விமான நிலையத்தில் வாங்கும் வரிகள் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கும், அதனால்தான் அவ்வளவு கிட்டிய தூரத்துக்கு அந்த விலை. படகுக்கு ஒரு வழிக்குத் தலைக்கு 25 டொலர் போட்டால் 60 ஆயிரம். காலைச் சாப்பாடு அறையோடு வரும். மற்ற இரு வேளைக்கும் தட்டு 8 டொலர் என்றால் 77 ஆயிரம். பவளப்பாறை பார்க்க ஒரு நாள் படகுப் பயணம் 42 ஆயிரம். கல்லடியில் இருந்து கட்டுநாயக்கவுக்கு வான் பிடித்துப் போய்வர 60 ஆயிரம். கூட்டினால் 7 இலட்சத்து 7 ஆயிரம். கையில் அவசரத்துக்குப் பத்து வீதமாவது வேண்டும். ஆக, ஏழே முக்கால். விலைகள் நீங்கள் பதியும் நாளில் முன்பின்னாக இருக்கும், கணக்கின் வடிவம் மாறாது.

உங்களிடம் இருப்பதற்கும் தேவைக்கும் ஒன்றே முக்கால் இலட்சம் இடைவெளி. சீட்டுத்தான் முடிந்துவிட்டதே, அதற்குக் கட்டிவந்த மாதக் காசு இப்போது மிச்சம். அதில் 22 ஆயிரத்தை ஓகஸ்டில் இருந்து மார்ச் வரை 8 மாதம் ஒதுக்கினால் இடைவெளி அடைபடும்.

அதாவது ஓகஸ்டில் போகவேண்டாம் என்கிறேன். காசு மட்டும் காரணம் இல்லை. மே முதல் ஒக்டோபர் வரை அங்கே தென்மேல் பருவக்காற்று. கடல் கலங்கும், ஸ்பீட் போட் துள்ளுகிற துள்ளலில் சின்னவர் வாந்தி எடுப்பார். புக்கெட்டுக்கும் அதே மழைக்காலம்தான். அதே ஓகஸ்டில் நம் பக்கக் கடல் தூங்குகிற குழந்தை மாதிரிக் கிடக்கும். அம்மா சொல்வது அந்த மாதத்துக்கு முழுக்கச் சரி. அவரையும் கூட்டிக்கொண்டு பாசிக்குடாவில் ஒரு நாள் இருந்துவிட்டு வாருங்கள்.

டிசம்பர் விடுமுறையை நானும் யோசித்தேன். இங்கே வானம் கொட்டும் நேரத்தில் அங்கே வெயில் தொடங்கும் என்பது ஆசைகாட்டும். ஆனால் நத்தார் நெருங்கினால் அறை விலை ஏறிவிடும். அதைவிட, கொழும்பு போகும் வழியில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் பாதையை மூடினால் என்ன செய்வீர்கள்? கட்டுநாயக்கவில் விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஏப்ரல் விடுமுறைதான் பொருத்தம். புத்தாண்டு நெருக்கடி கழிந்த நாட்களில் போங்கள். அங்கே வறண்ட காலத்தின் கடைசி, கடல் இன்னும் அமைதியாக இருக்கும்.

அதுவரை 6 இலட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் விடாமல், பாதியை 3 மாத, மீதியை 6 மாத நிலையான வைப்பில் போடுங்கள். முதலாவது முதிரும்போது டிக்கெட், இரண்டாவது முதிரும்போது அறையும் மற்றதும். வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். உங்கள் வருட வருமானம் வட்டியோடு சேர்த்து 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால், வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம்.

டொலர் ஏறினால்? 2022இல் 200இல் இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். உறவினர் யாராவது வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புவதுண்டு என்றால், அதைத் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே வைத்திருங்கள். அறைக்கும் படகுக்கும் அதில் இருந்தே கட்டலாம். அங்கே அட்டை இயந்திரம் "ரூபாயா, டொலரா" என்று கேட்டால் டொலர் என்றே அமர்த்துங்கள். ரூபாயை அமர்த்தினால் மாற்று விகிதத்தில் அவர்கள் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள்.

அறை பதியும் முன் கெஸ்ட் ஹவுஸுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: "நாலு பேருக்கு, எல்லா வரியும் படகும் சேர்த்துக் கடைசித் தொகை என்ன?" எழுத்தில் பதில் வராத இடத்தை விட்டுவிடுங்கள். புறப்படுவதற்கு 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற பயணப் படிவத்தை இணையத்தில் நிரப்பவேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி.

இன்னும் ஒன்று. ஊர்த் தீவுகளில் மதுபானம் கிடையாது, டியூட்டி ஃப்ரீயில் வாங்கிப் போகும் போத்தலைச் சுங்கத்தில் வாங்கி வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் தருவார்கள். இதைக் கணவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வழிபாட்டுச் சிலைகளையும் உள்ளே விடமாட்டார்கள், ஆகவே பயணப் பையில் பிள்ளையாரை வைக்கும் பழக்கம் இருந்தால் அந்த நாலு நாளும் அவர் அம்மாவோடு வீட்டில் இருக்கட்டும்.