கம்பிக்குள் முடங்கும் குவாசித்துகள்கள்

கேள்வி: மாசு எலக்ட்ரானை ஓரிடத்தில் முடக்கும் என்று 1958-இல் சொன்ன இயற்பியலாளர் ஆண்டர்சன், 1959-இல் மாசு மீக்கடத்தியை (தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருளை) கெடுக்காது என்றாரே, எது சரி?

பதில்: இரண்டும் சரி. 1959 தேற்றம் கூப்பர் இணைகளுக்கானது, அதாவது மீக்கடத்தியில் இரண்டிரண்டாகச் சேரும் எலக்ட்ரான்களுக்கானது. அதிலும் மாசுக்குக் காந்தத்தன்மை இருக்கக் கூடாது, மீக்கடத்தி எஸ்-அலை வகையாக (இணைவு எல்லாத் திசையிலும் ஒரே குறியோடு) இருக்க வேண்டும். இணை உடைந்து பிறக்கும் குவாசித்துகளுக்கு அந்தக் காப்பு கிடையாது. ஒற்றைப் பரிமாணக் கம்பியில் கொஞ்சம் ஒழுங்கின்மை இருந்தாலே பெரும்பாலும் முடங்கிவிடும். இருபரிமாணத்தில் தற்சுழற்சிச் சமச்சீர் (எலக்ட்ரானின் தற்சுழற்சி எத்திசையில் இருந்தாலும் ஒன்றே என்ற நிலை) குலைந்திருந்தால் தப்பவும் வழியுண்டு.

கேள்வி: முடங்கியதை மின்தடையை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: முடியாது. இணைகள் மின்னோட்டத்தைச் சுமப்பதால் தடை எப்படியும் சுழிதான். வெப்பக் கடத்துதிறனை அளந்து, வெப்பநிலையால் வகுத்து, வெப்பநிலையின் வர்க்கத்துக்கு எதிராக வரையுங்கள். கோட்டை சுழி வெப்பநிலை வரை நீட்டினால் கிடைக்கும் வெட்டுத்துண்டு குவாசித்துகளின் பங்கு, சரிவு ஃபோனானுடையது (படிக அதிர்வுடையது). டி-அலைப் பொருளில் (சில திசைகளில் இணைவு சுழியாகும் மீக்கடத்தியில்) வெட்டுத்துண்டு சுழியானால் முடக்கம் என்று சந்தேகிக்கலாம். எஸ்-அலையில் அது இயல்பாகவே சுழி, அங்கே இந்தச் சோதனை பயன்படாது. ஒரு பொறியும் உண்டு: தொடுமுனைகளின் தடை அதிகமானால், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் எலக்ட்ரானுக்கு வெப்பம் போய்ச் சேராது. வரைகோடு கீழே வளையும், முடக்கம் போலவே தெரியும். முதலில் தொடுமுனையைச் சரிபாருங்கள்.

கேள்வி: கிடாயெவ் சங்கிலியில் (ஒற்றைப் பரிமாண மீக்கடத்தியின் எளிய மாதிரியில்) முடக்க நீளத்தை, அதாவது அலை எத்தனை தளங்களுக்குள் தேய்கிறது என்பதை, கணினியில் எப்படிக் காண்பது?

பதில்: எலக்ட்ரான் அடுத்த தளத்துக்குத் தாவும் வலிமை t-யும் இணைவு வலிமையும் சமம் என்று வையுங்கள். தளந்தோறும் வேதியழுத்தம் μ-வை −W முதல் +W வரை சீராக, தற்போக்காக எடுங்கள்; W தான் ஒழுங்கின்மையின் அளவு. சுழி ஆற்றலில் அலைவீச்சு ஒவ்வொரு தளத்திலும் μ/2t மடங்காகும். அந்த மடங்கின் எண்ணளவுக்கு எடுக்கும் இயல் மடக்கையின் சராசரி ln(W/2t) − 1. இதன் எண்ணளவின் தலைகீழே முடக்க நீளம். W = 4t என்றால் சுமார் 3.3 தளங்கள், W = 5t என்றால் 12. W = 2et (e இயல் மடக்கையின் அடி), அதாவது ஏறத்தாழ 5.44t-இல் மட்டும் நீளம் முடிவிலியாகும்.

W = 5t-இல் 12 தளம்தானே என்று 100 தளச் சங்கிலியை எடுத்துவிடாதீர்கள். மடக்கையின் மாறுபாடு தளத்துக்கு 1. எனவே N தளங்களில் ஏற்ற இறக்கம் √N, மடக்கை சராசரியாகக் குறைவதோ 0.084N. அந்தக் குறைவு மேலோங்கவே 143 தளங்களைத் தாண்ட வேண்டும். 2000 எடுத்தால் நிம்மதி. சராசரியை மடக்கைக்கே எடுங்கள். கடத்துதிறனையே நேரடியாகச் சராசரித்தால், அரிதான ஓரிரு மாதிரிகள் மொத்த விடையையும் இழுத்துக்கொள்ளும்.

சங்கிலியின் ஆற்றல் அணியை நேரடியாக ஐகன் தீர்வு செய்வோர் (அதன் ஆற்றல் மட்டங்களைக் கணக்கிடுவோர்) W = 4t-இல் சுமார் 120 தளங்களோடு நிறுத்தலாம். அதற்குமேல் சங்கிலியின் இரு முனைகளில் இருக்கும் நிலைகளின் ஆற்றல் இடைவெளி இரட்டைத் துல்லியத்துக்கும் (கணினி எண்ணின் சுமார் 16 இலக்கத் துல்லியத்துக்கும்) கீழே போய், நிரல் அவற்றைத் தன்னிச்சையாகக் கலந்துவிடும்.