கட்டுப்படியாகாதது பிரீமியமா, மகனின் காரா?

கேள்வி: எனக்கு வயது 68, மனைவிக்கு 64. இருவருக்கும் சர்க்கரை நோய். பென்ஷன் 22,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 25 லட்சம், எஃப்.டி.யில் 2 லட்சம் இருக்கிறது. வீட்டுச் செலவும் மருந்தும் 26,000. மகனுடைய கார் லோன் தவணை 14,000-ஐயும் நான்தான் கட்டுகிறேன். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 52,000 ஆகிவிட்டது. கெடு முடிந்து 18 நாளாகியும் கட்டவில்லை. அதை விட்டுவிட்டு, ஏஜென்ட் சொல்லும், முதலீடும் ஆயுள் காப்பீடும் கலந்த ஒற்றை பிரீமியம் யூலிப்பில் 10 லட்சம் போடலாமா?

பதில்: யூலிப் இருக்கட்டும். முதலில் அந்த 52,000-ஐ நாளைக்கே கட்டுங்கள். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் பாலிசியின் தொடர்ச்சி அறாது. ஆனால் இடைப்பட்ட நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் க்ளெய்ம் கிடைக்காது. 30 நாளும் போய்விட்டால் புது பாலிசிதான்: சர்க்கரைக்கு க்ளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம், 3 ஆண்டு வரை, மறுபடி முதலிலிருந்து ஓடும், விண்ணப்பத்தையே நிராகரிக்கவும் செய்வார்கள்.

25 லட்சத்துக்கு 8.2% வட்டி, மாதத்துக்குச் சுமார் 17,000. பென்ஷனோடு 39,000. செலவு போக மீதி 13,000, தவணையோ 14,000. பிரீமியத்துக்கு எங்கிருந்து வரும்? நாலு மாதத் தவணையை நிறுத்தினாலே இருவருக்கும் ஒரு வருடக் காப்பீடு வந்துவிடும். இப்போதைக்கு எஃப்.டி. மேல் கடன் வாங்கிக் கட்டுங்கள், எஃப்.டி. வட்டியைவிடப் பொதுவாக ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல்.

அடுத்த தவணையிலிருந்து கார் மகன் பொறுப்பு. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால், தவணை தவறினால் வங்கி உங்களிடம்தான் வரும். அவருக்கு 14,000 சுமை என்றால், ஒரு தவணைகூடத் தவறாமல் இருக்கும்போதே கடன் காலத்தை நீட்டிக் கேட்கச் சொல்லுங்கள். தவறிய பிறகு கேட்டால் வங்கி முகம் கொடுக்காது.

யூலிப்புக்கான 10 லட்சம் சேமிப்புத் திட்டத்திலிருந்துதான் வர வேண்டும். அதில் ஒரு பகுதியை மட்டும் உருவ முடியாது. கணக்கையே மூட வேண்டும். 2 ஆண்டு தாண்டியிருந்தால் 1% பிடித்தம், அதாவது 25,000; ஓராண்டு தாண்டி 2 ஆண்டு ஆகாவிட்டால் 37,500. யூலிப்பில் போட்ட பிறகு 5 ஆண்டு பணத்தைத் தொட முடியாது, காலாண்டு வட்டியும் இல்லை. ஆஸ்பத்திரி பில்லுக்கு அதில் சல்லிக்காசு கிடைக்காது. 68 வயதுக்காரருக்கு இதை விற்க ஏஜென்டுக்கு கமிஷன் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

70 வயதானால் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு, வருமான வரம்பு கிடையாது. ஆனால் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் மட்டும்; வெளிநோயாளிச் செலவுக்கு இல்லை. மனைவிக்கு அது வர இன்னும் 6 ஆண்டு. அதை நம்பி பாலிசியை விடாதீர்கள்.

கட்டும்முன் பழைய ரசீதையும் எடுத்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. 60 தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10%-க்கு மேல் ஏற்ற வேண்டுமானால் கம்பெனி முதலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்தாக வேண்டும். அதைவிடக் கூடுதலாக ஏறியிருந்தால், பணத்தைக் கட்டிவிட்டு, காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.