காட்டில் தனியே ஒன்பது இரவு – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு 36 வயது. சென்னையில் மென்பொருள் வேலை. இரண்டு வருடமாக எதுவுமே எனக்குள் இறங்குவதில்லை. கோயிலுக்குப் போகிறேன், கும்பிடுகிறேன், திரும்பி வருகிறேன், அவ்வளவுதான். தியான வகுப்புக்கும் போய்ப் பார்த்தாயிற்று, கண்ணை மூடினால் ஆபீஸ்தான் ஓடுகிறது. மகள் மடியில் வந்து உட்கார்ந்தால்கூட உள்ளே ஒன்றும் அசைவதில்லை. ஒன்பது இரவு காட்டுக்குள் தனியாகத் தங்கினால் பழைய மனசு திரும்பக் கிடைக்கும் என்று ஏனோ உறுதியாகத் தோன்றுகிறது. டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வாங்கிவிட்டேன். போனை அணைத்துவிட்டு மேகமலைப் பக்கமோ, கம்பம்மெட்டு தாண்டி கேரளப் பக்கமோ போகலாம் என்று நினைக்கிறேன். அனுமதி, வழிகாட்டி என்று கூட்டம் சேராமல் தங்க உங்களுக்குத் தெரிந்த இடம் இருந்தால் சொல்லுங்கள். மனைவியிடம் ஆபீஸ் வேலையாக பெங்களூர் போவதாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் விடமாட்டாள்.

எம்., சென்னை

அன்புள்ள எம்.,

இடம் சொல்ல மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் ஆசையைத் தப்பு என்று சொல்லவில்லை. மகள் மடியில் உட்கார்ந்தும் ஒன்றும் அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். அப்படி வறண்டுபோன மனுசனுக்கு மலையைப் பார்த்துப் போகத் தோன்றுவது இந்த மண்ணில் ரொம்பப் பழைய விஷயம், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கிற திட்டத்தில் இரண்டு விஷயம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்று காட்டைப் பற்றியது, இன்னொன்று பெங்களூரைப் பற்றியது.

காட்டை முதலில் பேசிவிடுவோம். மேகமலை 2021இல் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். அதை ஒட்டியே அந்தப் பக்கம் பெரியாறு புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் உள்ளே போய்த் தங்குவது 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், அரிக்கொம்பன் என்கிற காட்டு யானையை யோசித்துப் பாருங்கள். 2023 ஏப்ரல் கடைசியில் கேரளத்துச் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பழகின இடத்தைத் தேடித்தான் அலைந்தது என்று நான் நினைக்கிறேன். மே 27ஆம் தேதி காலையில் கம்பம் டவுன் தெருவில் நடந்து போனது. ஊரே மொட்டை மாடியில் நின்று பார்த்தது. கவிழ்ந்து கிடந்த ஆட்டோவைச் சுற்றி யாரும் கிட்டப் போகவில்லை. அன்றைக்கு அடிபட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார். ஜூன் 5ஆம் தேதி மறுபடியும் பிடித்து களக்காடு – முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். டவுன் தெருவிலேயே இப்படி என்றால் அதன் தடத்தில் நைலான் துணிக்குள் படுத்திருக்கிறவன் கதி என்ன? நீங்கள் மட்டும் அல்ல, உங்களால் ஒரு சாவு விழுந்தால் அந்த யானைக்கும் கெட்ட பேர், அப்புறம் அதன் தலையெழுத்தும் மாறிவிடும்.

குரங்கணி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018 மார்ச் 11. கொழுக்குமலையில் இருந்து இறங்கி வந்தவர்கள் காய்ந்த புல்லுக்கு நடுவில் தீயில் மாட்டிக்கொண்டார்கள், 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள், பாதிப் பேர் உங்களைவிடச் சின்னவர்கள். நான் அடிக்கடி நினைப்பது, இருட்டில் மேலே ஏறிப்போய் அவர்களைத் தேடின ஊர்க்காரர்களையும் தோட்டத் தொழிலாளிகளையும். மலைக்குள் ஒருத்தர் காணாமல் போனால் யாராவது ஏறித்தான் ஆக வேண்டும். யாருக்கும் சொல்லாமல் போகிறவர் அந்த 'யாராவது' என்கிற ஆளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன், கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

1998இல் அப்பா இறந்தார். சாவதற்கு முன்னால் ஒன்றரை வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, ஒரு நிலத்தை விற்ற விஷயம், இப்போது நினைத்தால் அந்த நிலம் எவ்வளவு என்பதுகூட நினைவில்லை. காரியம் எல்லாம் முடிந்தது. எனக்கு அழுகையே வரவில்லை. ஆறு மாதம் ஆகியும் வரவில்லை, சாப்பாடு மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. கம்பம்மெட்டுக்கு மேலே கேரளப் பக்கம் நண்பர் ஒருவருக்கு ஏலத்தோட்டம் இருந்தது. அவரிடம் கேட்டு, விடியற்காலையில் காய் எடுக்கப் போகிற பெண்களோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து ஏறிப்போனேன். தோட்டத்துக்கு உச்சியில் பழைய ஸ்டோர் ஒன்று, ஏலக்காய் உலர்த்துவதை நிறுத்திப் பல வருடம் ஆகியும் சுவரில் வாசம் போகவில்லை. அங்கே ஐந்து இரவு இருப்பதாகப் பேச்சு.

தோட்டத்து வாச்சர் ஒரு பெரியவர், கூடலூர்க்காரர், கீழே தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்தில் இருந்தார். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ராத்திரி ஒம்போது மணிக்கு நான் கீழ இருந்து டார்ச் அடிப்பேன் தம்பி. நீங்க திருப்பி அடிக்கணும். அடிக்கலன்னா ஏறி வந்துருவேன்." எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். தனியாக இருக்க வந்தவனுக்கு இது என்ன ஹாஜர் பட்டியல் என்று நினைத்தேன்.

முதல் ராத்திரி பயம் தவிர வேறு எதுவும் இல்லை. கூரைமேல் மரநாய் ஓடினால் திருடன், மிளா கத்தினால் பேய். இரண்டாம் நாள் பயம் போய் சலிப்பு வந்தது, அது பயத்தைவிட மோசம், பகல் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நீங்களும் இதற்குத் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் கிளம்பி வந்துவிடுகிறார்கள், இல்லை என்றால் போனைத் தேடுகிறார்கள்.

மூன்றாம் நாள் மதியத்தில் இருந்து மழை. சாயங்காலம் கஞ்சி வைக்க அடுப்பு பற்றவில்லை. விறகு அத்தனையும் நமத்துப் போயிருந்தது. தீப்பெட்டியில் பாதி தீர்ந்துவிட்டது. முட்டி போட்டு, கன்னம் தரையில் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து ஊதுகிறேன், புகை மட்டும் வருகிறது, சாம்பல் பறந்து உதட்டில் ஒட்டுகிறது. அப்படி ஊதும்போது எனக்குள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது, அது அப்பா ஊதுகிற சத்தம். அம்மா ஊருக்குப் போன நாட்களில் அவர்தான் அடுப்பு பற்ற வைப்பார். இரண்டு நீள மூச்சு, ஒரு குட்டை மூச்சு, நடுவில் ஒரு "ச்சை". அதே மாதிரி நான் ஊதிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் புகையால் வந்ததா என்று ஒரு நிமிடம் சந்தேகம், அப்புறம் சந்தேகம் இல்லை. அந்த மண் தரையில் குப்புறக் கிடந்து அவரைத் திட்டினேன், வாய்விட்டு, கெட்ட வார்த்தையில், பிறகு மன்னிப்புக் கேட்டேன், மறுபடியும் திட்டினேன். மணி பார்க்கவே இல்லை.

பத்தரை மணி இருக்கும். கதவில் தட்டுகிறார்கள். பெரியவர். சாக்கைக் கொங்காணி மாதிரி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த மழையில் ஒரு மணி நேர ஏற்றம் ஏறி வந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே அட்டை, எண்ணினால் பதினைந்துக்குக் குறையாது. "வெளிச்சம் வரல, அதான்" என்றார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மடியில் இருந்து புகையிலையை எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்து ஒவ்வொரு அட்டையாக உதிர்த்தார். சாக்குக்குள் நனையாமல் கொண்டு வந்திருந்த சிராய்களை வைத்து இரண்டே குச்சியில் அடுப்பைப் பற்ற வைத்தார். கஞ்சி குடித்துவிட்டு அடுப்புப் பக்கத்திலேயே சுருண்டு தூங்கிவிட்டார். நானும் தூங்கினேன். ஆறு மாதத்தில் அப்படித் தூங்கினதே இல்லை.

தரிசனம் கிடைத்தது, ஞானம் வந்தது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அழ முடியாதவன் அழுதேன். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் கீழே ஒருவர் கையில் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்ததால்தான் என்னால் அப்படி உடைய முடிந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். யாருமே இல்லாத இடமாக இருந்திருந்தால் முழு மூளையும் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே போயிருக்கும், அப்பாவுக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

மகான்கள் விஷயத்திலும் இதைப் பார்க்கிறேன். 1896இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர் கோயிலில் பாதாள லிங்கச் சன்னதிக்குள் உடம்பு நினைப்பே இல்லாமல் கிடந்தார், பூச்சி கடித்துத் தொடையெல்லாம் புண். அவரை வெளியே தூக்கி வந்தவர்கள் இருந்தார்கள். அப்புறம் பழனிசாமி என்று ஒரு மலையாளி வந்து சேர்ந்தார், பிட்சை வாங்கி வந்து கொடுத்து, பல வருடம் கூடவே இருந்து கவனித்தார். ரமணர் இருந்த மலைக் குகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பழனிசாமியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அவர் இல்லாமல் அந்தக் குகையை நினைக்க முடியவில்லை. நம் ஊரில் சபரிமலைக்குப் போகிறவர்களும் அப்படித்தானே, 41 நாள் விரதம், இருமுடி, கூடவே ஒரு குருசாமி. பெருவழியில் கரிமலை ஏறும்போது ஒவ்வொருத்தனும் தனியாகத்தான் மூச்சு வாங்குகிறான், ஆனால் யாரையும் தனியாக விடுவதில்லை.

அதனால்தான் பெங்களூர் என்னை உறுத்துகிறது. உங்கள் மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு வந்தால், டார்ச் பிடிக்க வேண்டியவர் கையில் இருக்கிற டார்ச்சை நீங்களே அணைத்துவிட்டு வருகிறீர்கள். ஒன்பது இரவும் அந்தப் பொய் கூடாரத்துக்குள் உங்களோடு படுத்திருக்கும். விடமாட்டாள் என்கிறீர்கள். எனக்கு எழுதின வரியை, மகள் மடியில் உட்கார்ந்தும் ஒன்றும் அசையவில்லை என்பதை, அவரிடம் ஒருமுறையாவது சொல்லியிருக்கிறீர்களா? சொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. முன்பின் தெரியாத எனக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லுங்கள் தம்பி. அப்புறம் ஒன்று, இரண்டு வருடமாக இப்படி இருக்கிறது என்றால் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். மலைக்குப் போவதற்கு அது எந்த விதத்திலும் தடை இல்லை, நானாக இருந்தால் முதலில் அங்கே போய்விட்டுத்தான் மலை ஏறுவேன்.

காட்டுக்குள் ராத்திரி தங்கியே தீர வேண்டும் என்றால் அதற்கும் நேர்வழி இருக்கிறது. தேக்கடியில் பெரியாறு காப்பகத்திலேயே, வனத்துறை ஏற்பாட்டில், கூடாரத்தில் தங்க வைக்கிறார்கள். கூட்டிப் போகிறவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே காட்டில் வேட்டையாடியவர்கள், வயணா என்கிற காட்டு லவங்கப் பட்டையை உரித்துக் கடத்தியவர்கள். இன்றைக்கு அந்தக் காட்டுக்கு அவர்கள்தான் காவல். வழிகாட்டி என்றால் கூட்டம் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களில் ஒருவரோடு ஒரு பகல் பேசாமல் நடந்து பாருங்கள், அவர் நிற்கிற இடத்தில் நின்று, அவர் மோப்பம் பிடிக்கிற காற்றை நீங்களும் மோப்பம் பிடித்து. தனிமை எங்கேயும் போய்விடாது.

தனியாகவே இருக்க வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்த தோட்டங்கள் இரண்டு உண்டு, பட்டா நிலம், நாலு சுவர், ஓட்டுக்கூரை. ஒன்பது இரவு வேண்டாம், முதல் தடவைக்கு நாலு போதும். தென்மேற்கு மழையில் வராதீர்கள், அட்டைக்கே பொழுது சரியாகிவிடும். தை மாதத்தில் காய் எடுப்பு இல்லாத வாரமாகப் பார்த்துச் சொல்கிறேன், குளிர் கடுமையாக இருக்கும், கம்பளி கனமாகக் கொண்டு வாருங்கள். அரிசி, பருப்பு, உப்பு இங்கேயே கம்பத்தில் வாங்கிக்கொள்ளலாம். புத்தகம் வேண்டாம்.

வீட்டில் பேசிவிட்டு எழுதுங்கள். முடிந்தால் அவரையே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், தோட்டத்தில் கீழே இருக்கிறவரின் நம்பரை நான் அவருக்குத்தான் அனுப்புவேன்.