மடும்பியும் மூன்று வயதுப் பையனும்

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. எங்கள் ஊர் பங்களாதேஷ் மார்க்கெட்டில் மடும்பி (சேப்பங்கிழங்கு) வாங்க நின்றால் போதும், பக்கத்துக் கடை சிப்ஸைக் கேட்டு என்னை அடிக்கிறான், கடிக்கிறான். ‘இரண்டு போடு, அடங்குவான்’ என்கிறார் அவன் ஆயா, என் மாமியார். என் வளர்ப்பில்தான் கோளாறா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: மடும்பி என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று எழுதவில்லையே அம்மா! மண்ணோடு சேர்த்து நிறுத்துப் போடுகிறார்கள். மண்ணுக்கும் நாம்தான் ராண்ட் அழவேண்டியிருக்கிறது. போகட்டும், அந்த மண் வாசனையாவது மிஞ்சுகிறது. சூப்பர்மார்க்கெட்டில் கழுவித் துடைத்து, பிளாஸ்டிக் தட்டில் வைத்து விற்கிறார்களே, அதை நான் மடும்பி என்றே ஒப்புக்கொள்வதில்லை. புளிக்குழம்பில் போட்டுப் பாருங்கள், சோப்புக்கட்டி மாதிரி மிதக்கும். இதைப் பல வருஷமாக எழுதுகிறேன், கேட்பார் இல்லை.

சரி, பையன். கடைசியில் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தீர்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர், வீடுகளுக்கே ஆள் அனுப்பி, பெற்றோரும் பிள்ளையும் மல்லுக்கட்டுவதை விடாமல் குறித்துவைத்தார். 1982இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். பிள்ளை கேட்கிறது, அம்மா முடியாது என்கிறார், பிள்ளை கத்துகிறது, அம்மா இறங்கி வருகிறார். கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்துபோகிறது. கொடுத்தால் சத்தம் ஓயும் என்று அம்மாவுக்கும் தெரிந்துபோகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் தயாராகவே மார்க்கெட்டுக்கு வருகிறார்கள். ஆக, வளர்ப்பு ஒரு வழிப்பாதை இல்லை. நீங்கள் அவனை வளர்க்கிறீர்கள், அவனும் உங்களைப் பழக்கிவைத்திருக்கிறான். பிறவியிலேயே சில பிள்ளைகளுக்குச் சூடு சற்று அதிகம், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

அடி வேண்டாம். அடிக்காதே என்று சொல்லிக்கொண்டே அடித்தால் அவன் எதை எடுத்துக்கொள்வான்? பள்ளிக்கூடப் பிரம்பு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போயிற்று. வீட்டில் அடித்துவிட்டு ‘கண்டிக்கத்தானே செய்தேன்’ என்று தப்பிக்கும் வழியையும் 2019 செப்டம்பரில் நம் அரசியல் சாசன நீதிமன்றம் அடைத்துவிட்டது. ஆயாவிடம் சட்டம் பேசாதீர்கள், எடுபடாது. ‘உங்கள் மகன் சின்ன வயதில் எத்தனை வாங்கினார், அடங்கினாரா?’ என்று மட்டும் கேளுங்கள். மார்க்கெட்டுக்குள் நுழையும் முன்பே இன்றைக்குச் சிப்ஸ் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுங்கள், அப்புறம் மாற்றாதீர்கள். அவன் சும்மா நிற்கும் நேரம் பார்த்துப் பேச்சுக் கொடுங்கள், மடும்பி பொறுக்க விடுங்கள். கத்தும்போது மட்டும் திரும்பிப் பார்க்கிற அம்மாவிடம் அவன் வேறு எப்படித்தான் பேசுவான்?

இன்னொன்று. பிள்ளைகள் அடிப்பதும் கடிப்பதும் இரண்டிலிருந்து மூன்றரை வயதுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு பெரும்பாலோருக்குத் தானே இறங்கிவிடும் என்று கண்டவர் மொன்றியல் நகரத்து ரிச்சர்ட் டிராம்ப்ளே. நல்ல ஆய்வாளர்தான். ஆனால் நம் ஊர்க் கோயில் கமிட்டியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் எதையும் அவர் பார்த்திருக்க மாட்டார். அறுபது வயதுக்கு மேல் அது இன்னொரு முறை ஏறுகிறது. போன கூட்டத்தில் கணக்கு கேட்டேன் என்பதற்காக என் பக்கம் நாற்காலியைத் தூக்கியவர்தான் இந்த வருஷம் பொருளாளர். கணக்கு இன்னும் வரவில்லை.