“சரி சார்” மட்டும் போதாது: வெளிநாட்டுக் குழுவில் வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு

கேள்வி: என் மகள் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள். இப்போது வேலூரில் எம்.சி.ஏ. கடைசி வருஷம். ஜெர்மன்காரர்களும் அமெரிக்கர்களும் உள்ள குழுவில், வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்திருக்கிறது. அவளுடைய இங்கிலீஷை வைத்துக்கொண்டு சமாளிப்பாளா என்று பயமாக இருக்கிறது. – ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, இங்கிலீஷ் பற்றிய பயத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அந்த ஜெர்மன்காரருக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கற்ற மொழிதான். சின்னச் சின்ன வாக்கியமாக, நிதானமாகப் பேசினால் போதும். பிள்ளைகள் சறுக்குவது வேறு இடத்தில். நாம் ஆசையாகச் சொல்லி வளர்த்த மரியாதையே அங்கே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

நம் ஊரில் “சரி சார்” என்றால் காதில் விழுந்தது என்றும் இருக்கலாம், புரிந்தது என்றும் இருக்கலாம், செய்து முடிக்கிறேன் என்றும் இருக்கலாம். எது என்பதைக் குரலை வைத்தே பிரித்துவிடுவோம். “பார்க்கலாங்க” என்றால் பெரும்பாலும் நடக்காது என்பதும் நமக்குத் தெரியும். ஜப்பானியர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. அவர்கள் சொல்லும் “ஹை” பல நேரம் “கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்பதுதான். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் சொன்ன சொல்லையே பிடித்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டு, உங்கள் பெண் “யெஸ்” என்றால், அதை நம்பி, அதற்கடுத்துத் திங்கள்கிழமை தொடங்க வேண்டிய வேலையை இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். வியாழன் ராத்திரி வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு “முடியவில்லை” என்றால், தாமதத்தைவிட அந்த மௌனம்தான் அவர்களை உறுத்தும்.

ஆகவே “யெஸ்” என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்த வேண்டாம். நான் புரிந்துகொண்டது இது, செய்யப்போவது இது, இந்தக் கிழமை இத்தனை மணிக்குள் அனுப்புகிறேன் என்று மூன்று வரி எழுதிவிட வேண்டும். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். வேலையில் சிக்கிக்கொண்டால் ஒரு மணி நேரம் தானே முயன்று பார்க்கட்டும். அதற்கு மேல் காத்திருக்காமல், என்ன செய்து பார்த்தாள், எந்த இடத்தில் நின்றது, யாரிடமிருந்து என்ன வேண்டும் என்று எழுதட்டும். “இட்ஸ் நாட் ஒர்க்கிங்” என்று மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போனால், பத்து மணி நேரம் பின்னால் இருக்கிற அமெரிக்கர் “எது ஓடவில்லை?” என்று கேட்டுவிட்டு அடுத்த நாள்வரை காத்திருப்பார். ஒரு முழு நாள் போச்சு.

திருத்தம் சொல்கிற விதமும் ஊருக்கு ஊர் வேறு. ஜெர்மன்காரர் “திஸ் இஸ் ராங்” என்று பட்டென்று எழுதுவார். அது வேலையைப் பற்றிய பேச்சு, திட்டு அல்ல. அழக்கூடாது. அமெரிக்கர் “கிரேட் ஜாப், ஜஸ்ட் ஒன் ஸ்மால் திங்” என்பார். பாராட்டில் மயங்கிவிடாமல் அந்த ‘ஸ்மால் திங்’கை முதலில் சரிசெய்ய வேண்டும். எல்லா ஜெர்மன்காரரும் இப்படி, எல்லா அமெரிக்கரும் அப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரியாத மனிதரிடம் எச்சரிக்கையாகத் தொடங்க மட்டும் இது உதவும்.

பெயர் சொல்லிக் கூப்பிட முதலில் வாய் வராது. மின்னஞ்சலின் அடியில் அவர் எப்படிக் கையெழுத்துப் போடுகிறாரோ, அப்படியே கூப்பிடலாம். கேமரா முன் நாம் பக்கவாட்டில் தலையாட்டினால் பலருக்கு ‘இல்லை’ என்று தோன்றும். வாயால் சொல்லிவிட வேண்டும். சந்தேகம் கேட்கும்போது “ஐ ஹேவ் எ டவுட்” என்றால் அவர்கள் சொன்னதை நம்பவில்லை என்று படும். ‘கொஸ்டின்’ என்ற சொல் போதும். படிப்பை முடித்தேன் என்பதற்கு நாம் சொல்லும் ‘பாஸ்டு அவுட்’ என்றால் அவர்களுக்கு மயங்கி விழுந்தேன் என்று பொருள். ‘ஆவன செய்யவும்’ என்பதற்கு நாம் எழுதும் ‘டூ தி நீட்ஃபுல்’ வேண்டாம். என்ன செய்ய வேண்டுமோ அதையே எழுதட்டும்.

எண்களில் வரும் குழப்பம்தான் காசைத் தின்னும். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். தோலின் கனம் 1.2 மில்லிமீட்டர் என்பதை ஜெர்மனியில் புள்ளிக்குப் பதில் கால்புள்ளி வைத்து 1,2 என்று எழுதுவார்கள். அவர்கள் 1.500 என்று எழுதினால் அது ஆயிரத்து ஐந்நூறு. ‘கே.டபிள்யூ. 32’ என்றால் வருஷத்தின் 32-வது வாரம். 03/04 நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் வம்பில்லை. லட்சம், கோடி அவர்களுக்குப் புரியாது: 10 லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன்.

இனி உங்களுக்கானது, அம்மா. குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரமும், நியூயார்க் பத்தரை மணி நேரமும் பின்னால். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7:30, ஜெர்மனியில் பிற்பகல் 3. மூன்று நாட்டுக்காரரும் சேர்ந்து பேச வசதியான நேரம் அதுதான். ஆகவே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் இருக்கும். அப்படியானால் காலையில் எத்தனை மணிக்கு வேலை தொடங்கும் என்பதை, வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கட்டும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறிலும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும். நாம் நகர்த்துவதில்லை. இடைப்பட்ட வாரங்களில் கூட்ட நேரம் தடுமாறும். கைபேசி நாட்காட்டியில் வரும் அழைப்பை நம்ப வேண்டும், ஞாபகத்தை அல்ல.

பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்தால் அவளிடம் உடனே சொல்லுங்கள். முந்தைய நாளே குழுவுக்கு எழுதி, கைபேசி இணையத்தைத் தயாராக வைத்துக்கொள்வாள். பொங்கல் அவர்களுடைய நாட்காட்டியில் இருக்காது; நவம்பரிலேயே விடுப்பைச் சொல்லிவிடட்டும். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். “பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே” என்று சொல்லியே வளர்த்திருப்பீர்கள். கூட்டத்தில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். எங்களைவிட நீங்கள் சொன்னால் கேட்பாள்.

சேர இன்னும் நாள் இருந்தால், அவளுடைய கல்லூரி புராஜெக்ட்டை வைத்தே பழகலாம். இரண்டு வாரம், தினமும் சாயங்காலம் நாலு வரி இங்கிலீஷில் எழுதட்டும்: இன்று முடித்தது, நாளை செய்வது, சிக்கல், தேவை. அந்த புராஜெக்ட் பற்றி ஒன்றும் தெரியாத தோழியிடம் அதைப் படிக்கக் கொடுக்கட்டும். தோழி “எந்த ஃபைல்?”, “எப்போ?” என்று கேட்கிற வரிகளை மட்டும் திரும்ப எழுதட்டும்.