கார்ட் வாங்க முதல் கேஸைத் திறந்து பாருங்கோ

கிராஃபிக்ஸ் கார்ட் பற்றி கேளுங்கோ எண்டு சும்மா சொன்னனான், இவ்வளவு பேர் வருவீங்கள் எண்டு நினைக்கேல்ல. ஒவ்வொண்டா வாறன்.

கேள்வி: அண்ணா, ஆர்டிஎக்ஸ் 3060ஓ 4060ஓ? கேமும், பிளெண்டர் எண்ட 3டி சொஃப்ட்வெயரில கொஞ்ச வேலையும் செய்வன், வெள்ளவத்தை.

பதில்: கேம் மட்டும் எண்டா 4060 தங்கச்சி. அது 115 வாட், 3060 எண்டா 170, ஏசி இல்லாத அறையில இந்த வித்தியாசம் நல்லாவே விளங்கும். ஆனா பிளெண்டர்ல பெரிய சீன் போட்டா 4060ல இருக்கிற 8 ஜிபி மெமரி நிரம்பிடும், அங்க 3060ல இருக்கிற 12 ஜிபிதான் கை குடுக்கும். 3060லயே 8 ஜிபி ஒண்டும் 2022ல வந்தது, மெமரியோட சேத்து பஸ்ஸையும், அதாவது மெமரிக்கு டேட்டா போய் வாற பாதையையும், 192 பிட்டில இருந்து 128க்கு வெட்டிட்டாங்கள், பெட்டியில 3060 எண்டுதான் பெரிசா இருக்கும், 12ஐ பாத்திட்டு காசைக் குடுங்கோ.

கேள்வி: என்னட்ட டெல் சின்ன கேஸ், பவர் சப்ளை 240 வாட் எண்டு ஒட்டியிருக்கு. என்ன போடலாம்?

பதில்: அரை உயரக் கார்ட் மட்டும்தான் உள்ள போகும் தம்பி. ஜிடி 1030 எண்டா 30 வாட்தான், பயமில்ல. ஆனா ஜிடிடிஆர்5 மெமரி போட்டதுதான் வேணும் எண்டு கேளுங்கோ, வேகம் குறைஞ்ச டிடிஆர்4 மெமரி போட்டதும் அதே பேரிலதான் விக்குது, மெமரி வேகம் மூண்டில ஒரு பங்குதான்.

கேள்வி: ஆர்எக்ஸ் 580 ஒண்டு பாவிச்சது மலிவா வருது, கிரிப்டோ காசு எடுக்கிற மைனிங்ல ஓடினதாம். வாங்கலாமோ?

பதில்: 2022 செப்டம்பரில எத்தேரியம் எண்ட கிரிப்டோ காசின்ட மைனிங் நிண்டதோட இப்பிடிக் கார்ட் கனக்க சந்தைக்கு வந்தது. ஓடினது எண்டதுக்காக எல்லாம் செத்த கார்ட் இல்ல, முதல்ல தேயுறது ஃபேன், பேந்து சிப்பின்ட சூட்டைக் கடத்துற தெர்மல் பேஸ்ட், ரெண்டும் மாத்தலாம். நான் பயப்பிடுறது கடற்கரைப் பக்க வீட்டில இருந்த கார்டுக்குத்தான், உப்புக் காத்தில ஸ்குரூ தலையும் பின் தகடும் துருப்பிடிச்சிருந்தா விட்டிட்டு வாங்கோ. கார்ட் விபரம் காட்டுற ஜிபியு-இசட் எண்ட சொஃப்ட்வெயரைப் போட்டு, ஷேடர், அதாவது உள்ள இருக்கிற சின்னக் கணக்கு யூனிட், எத்தினை எண்டும் பாருங்கோ, 2304 வரோணும், 2048 எண்டு காட்டினா அது பேர் மட்டும்தான் 580, உள்ளுக்கு 570. கட்டாயம் அரை மணித்தியாலம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கோ. நான் ஒருக்கா ஒருத்தரிட்ட டெஸ்க்டாப் வந்ததை மட்டும் பாத்திட்டு காசைக் குடுத்திட்டு வந்தனான், வீட்ட வந்து கேம் போட்டு பத்து நிமிசத்தில ஸ்கிரீன் கறுப்பு, ஃபோன் எடுத்தா ஆள் இல்ல.

கேள்வி: மகன்ட பிசி நாலாம் ஜெனரேஷன் ஐ5. இன்டெல் பி580 நல்ல விலைக்கு இருக்கு எண்டு சொல்லுறாங்கள்.

பதில்: வேண்டாம் அங்கிள். அதுக்கு ரீசைசபிள் பார் வேணும், அதாவது ப்ராசஸர் கார்டின்ட மெமரி முழுக்க ஒரேயடியா எட்டுற வசதி. உங்கட மதர்போர்டில அது இல்ல, கார்ட் முழு வேகத்தில ஓடாம தள்ளாடும்.

கேள்வி: கேஸோட ஃபிரீயா வந்த "500 வாட்" பவர் சப்ளை காணுமோ?

பதில்: கையில தூக்கிப் பாருங்கோ. பிஸ்கட் பெட்டி மாதிரி பாரமில்லாம இருந்தா, கார்டுக்கு வச்ச காசில கொஞ்சத்தை எடுத்து நல்ல 550 வாட் பவர் சப்ளை ஒண்டு வாங்குங்கோ.

கேள்வி: எந்தக் கடை அண்ணா?

பதில்: பேர் சொல்லமாட்டன். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசால நாலு கடை ஏறி இறங்குங்கோ, விலையோட வாரண்டி எத்தினை வருசம், ஆர் தாறது எண்டதையும் பில்லில எழுதி வாங்குங்கோ.